சரித்திரம் போட்ட பேட்ச்

வார் தண்டர் என்கிற விமானச் சண்டை விளையாட்டில் தோற்ற எவனும் தன் கை சரியில்லை என்று சொன்னதாகத் தகவல் இல்லை. ஸ்பிட்ஃபயர் ஓட்டித் தோற்றவன் ஜெர்மன் விமானம் ஓபி, அதாவது ஓவர் பவர் என்பான். மெஸ்ஸர்ஷ்மிட் ஓட்டித் தோற்றவன், ‘கம்பெனி மாஸ்கோவில் பிறந்தது, அதனால்தான் ரஷ்ய யாக் விமானத்துக்கு இவ்வளவு செல்லம்’ என்பான். யாக்கில் தோற்றவனைக் கேட்டால் ஸ்பிட்ஃபயரைக் கைகாட்டுவான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லிவைத்தவர்கள், அந்தக் கூடத்துக்கு மாதாமாதம் அப்டேட் வரும் காலத்தைப் பார்க்கவில்லை.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் பேட்டில் ரேட்டிங் என்று ஓர் எண் உண்டு. 1.0இல் இரட்டை இறக்கை டப்பாக்கள், மேலே போகப் போக ஜெட்கள். ஆள் சேர்க்கும் மேட்ச்மேக்கர் ஒரு புள்ளி மேலும் கீழுமாகக் கலந்து கட்டும். 5.0 விமானத்தோடு போனால் எதிரில் 4.0 அப்பாவிகளும் வரலாம், 6.0 எமன்களும் வரலாம். எமன்கள்தான் அடிக்கடி வருகிறார்கள் என்பது ஆடுகிறவர்கள் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். ஒரு விமானத்தின் எண்ணை ஏற்றினால் அதை ஓட்டுகிறவன் அழுவான். இறக்கினால் மற்ற எல்லோரும் அழுவார்கள்.

இந்த வழக்கில் எல்லாக் கட்சியும் சாட்சிக்கு இழுப்பது ஒரே ஆளைத்தான். “சரித்திரப்படி பார்த்தா...” என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சாட்சியின் யோக்கியதையைக் கொஞ்சம் விசாரித்தால் தெரியும்: சரித்திரத்தைப் போல மட்டமான கேம் டெவலப்பர் பூலோகத்தில் கிடையாது. ஒரு தரப்பை வருஷக்கணக்கில் அடிவாங்க விடும். புகார் கொடுத்தால் காதில் வாங்காது. பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், வந்தாலும், யாராவது வழி தவறி வந்து இறங்கினால்தான் வரும்.

முதல் புகார் முதல் உலகப் போரிலேயே பதிவாகிவிட்டது. 1915இல் பிரெஞ்சுக்காரர் ரோலாண்ட் காரோஸுக்கு ஒரு யோசனை. விமானத்தின் மூக்கில் சுற்றும் புரொப்பெல்லர் வழியாகவே சுட வேண்டும். குண்டு தகட்டில் பட்டால்? புரொப்பெல்லரில் இரும்புக் காப்பு அடித்துவிட்டார். பட்ட குண்டு தெறித்துப் போகும். எங்கே போகும் என்பது குண்டின் இஷ்டம். இந்த ஏற்பாட்டோடு ஏப்ரல் மாதத்தில் மூன்று ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார். ஏப்ரல் 18 அன்று அவரே ஜெர்மானியர் வசமிருந்த பகுதியில் இறங்க நேர்ந்தது. விமானத்தைக் கொளுத்தப் பார்த்தார், சரியாகப் பற்றவில்லை.

ஜெர்மானியர்கள் அதை ஆண்டனி ஃபோக்கர் என்ற டச்சுக்காரரிடம் காட்டினார்கள். புரொப்பெல்லர் குறுக்கே வரும்போது துப்பாக்கியை நிறுத்திவைக்கும் ஒரு சாதனம் அவரிடமிருந்து வந்தது. அவருடைய ஆட்கள் அதற்கு முன்பே அந்த வேலையில் இருந்தார்கள் என்பதை ஃபோக்கர் அவ்வளவாக விளம்பரப்படுத்தவில்லை. இதைப் பொருத்திய ஐன்டெக்கர் விமானத்துக்குப் பெரிய வேகமெல்லாம் இல்லை. ஆனால் மூக்கை நீட்டிய திசையில் சுடும், அது போதும். எதிரே வந்த பிரிட்டிஷ் பிஇ 2சி விமானத்திலோ துப்பாக்கிக்காரர் முன் இருக்கையில், கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே, எந்தப் பக்கம் சுட்டாலும் சொந்த விமானத்தில் ஏதாவது ஒன்று அறுந்துபோகும்படி உட்கார்ந்திருந்தார்.

1916 மார்ச்சில் நோயல் பெம்பர்ட்டன் பில்லிங் என்ற எம்.பி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து, நம் விமானிகள் சண்டையில் சாகவில்லை, கொலை செய்யப்படுகிறார்கள் என்று கொந்தளித்தார். உலகின் முதல் ‘இது ஓபி, நெர்ஃப் பண்ணுங்க, அதாவது பலத்தைக் குறைங்க’ கோரிக்கை அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். இந்தப் பில்லிங் 1913இல் சௌத்தாம்ப்டனில் ஆரம்பித்த சின்னக் கம்பெனிதான் பிற்பாடு சூப்பர்மரீன் என்று பெயர் மாறி ஸ்பிட்ஃபயர் செய்தது. புலம்பியதோடு நிற்காமல் எதிர்காலத்துக்கு ஓபி விமானமும் ஏற்பாடு செய்துவிட்டுப் போன ஒரே ஆள்.

அவர் புலம்பிக்கொண்டிருந்தபோதே நியூபோர்ட் 11, டிஎச் 2 என்று புது விமானங்கள் வந்து ஐன்டெக்கரின் கொட்டத்தை அடக்கின. பிறகு ஜெர்மானியரின் ஆல்பட்ராஸ், அப்புறம் பிரிட்டனின் கேமல் என்று ஊஞ்சல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கடைசியில் நடந்ததுதான் கச்சிதமான நெர்ஃப். 1918 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய 1,700 விமானங்களைப் பற்றி எழுதும்போது, முதலில் உங்கள் டி 7 எல்லாம் வரட்டும் என்று பெயர் சொல்லியே கேட்டார்கள். அந்த ஃபோக்கர் டி 7இன் மேல் அவ்வளவு கடுப்பு. ஃபோக்கர் சும்மா இருப்பாரா? விமானங்களையும் பாகங்களையும் சரக்கு ரயில்களில் ஏற்றிச் சொந்த ஊரான ஹாலந்துக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டார்.

இனி 1940. பிரிட்டன் மேல் வான்போர். ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் தன் விமானிகளைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் மனசு இளகி, உங்களுக்கு என்ன வேண்டும் கேளுங்கள் என்றாராம். மோல்டர்ஸ் என்ற விமானி, இன்னும் சக்தியான எஞ்சின் வைத்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 கேட்டார். ஒழுங்கான பிள்ளை. பக்கத்தில் நின்ற அடால்ஃப் கல்லாண்ட், தன் படைக்கு ஸ்பிட்ஃபயர்கள் வேண்டும் என்றார். எதிராளியின் விமானத்தைத் தன் தலைவரிடமே கேட்ட இந்தக் காட்சியைக் கல்லாண்டே பிற்பாடு எழுதியிருக்கிறார். 109தான் தனக்குப் பிடிக்கும், எரிச்சலில் வாயில் வந்துவிட்டது என்று விளக்கமும் கொடுத்தார். தோற்ற ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் வருகிற எரிச்சல்தான் அது. என்ன, இவருக்கு மீசை வைத்த ஜெனரல் அந்தஸ்து பிற்பாடு கிடைத்தது.

அதே நேரத்தில் ஆங்கிலக் கால்வாயின் மறு கரையில் ஸ்பிட்ஃபயர்காரர்கள் 109ஐப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தார்கள். காரணம் இதுதான். ஸ்பிட்ஃபயர், அதன் சகபாடி ஹரிகேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதன் கார்புரேட்டரில் மிதவை வைத்த ஒரு பெட்ரோல் கிண்ணம். விமானி கைப்பிடியை முன்னால் தள்ளி மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால், வயிறு மேலே எழும்புகிற அந்தக் கணத்தில் பெட்ரோலும் மேலே எழும்பும். எஞ்சின் ஒரு முறை விக்கும். அடுத்த நொடி பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே பாய்ந்து மூச்சுத் திணறி, கறும்புகை கக்கி, சில சமயம் நின்றே போகும். 109இன் டெய்ம்லர் பென்ஸ் எஞ்சினில் பெட்ரோல் நேராக உள்ளே பீய்ச்சப்படும். தலைகீழாகத் தொங்கினாலும் அதற்குக் கவலை இல்லை. எனவே பின்னால் ஸ்பிட்ஃபயர் ஒட்டிக்கொண்டால் ஜெர்மானியர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூக்கைக் கீழே குத்திக் கம்பி நீட்டுவது. துரத்துகிறவர் முதலில் விமானத்தைப் பாதி புரட்டி, அப்புறம் கீழே பாய வேண்டும். அதற்குள் 109 பிரான்ஸை நெருங்கியிருக்கும். 2011இல் வந்த ‘கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ சிமுலேட்டரில் இந்த விக்கலையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் கம்ப்யூட்டர் பழுது என்று நினைத்துக்கொள்வது அதனால்தான்.

இதற்குப் பேட்ச் எழுதியவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் எஞ்சினியர். பொழுதுபோக்கு மோட்டார் சைக்கிள் ரேஸ். புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டன் வண்டியை மணிக்கு 100 மைலுக்கு மேல் விரட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். ரோல்ஸ் ராய்ஸ் முழுத் தீர்வுக்காக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது இவர் கணக்குப் போட்டார். எஞ்சின் முழு வேகத்தில் குடிக்கும் பெட்ரோல் எவ்வளவு? அந்த அளவு மட்டும் போகும்படி குழாயில் ஓர் அடைப்பு வைத்தால் மிச்சம் எப்படிப் பாயும்? வீட்டுக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் பிளம்பர் ஒரு வாஷர் போட்டுக் கட்டுப்படுத்துவாரே, அதே சமாச்சாரம். நடுவில் ஓட்டை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. விமானத்தைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே மாட்டலாம். ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானதளம் விமானதளமாகப் போய் மாட்டி முடித்தார். 1941 மார்ச்சுக்குள் வேலை பரவலாக முடிந்துவிட்டது. விமானிகள் அதற்கு மிஸ் ஷில்லிங்கின் துவாரம் என்று பெயர் வைத்து, பட்டாளத்து ஆண்கள் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார்கள். உயிர் பிழைத்ததும் அந்தத் துவாரத்தால்தான்.

பேலன்ஸ் வந்துவிட்டது என்று ஆறு மாதம் நிம்மதி. 1941 செப்டம்பர் வாக்கில் பிரெஞ்சுக் கடற்கரையில் மூக்கு பருத்த புது விமானம் ஒன்று தலைகாட்டியது. அடிவாங்கித் திரும்பிய விமானிகள் சொன்னதை மேலே இருந்தவர்கள் நம்பவில்லை; பிரெஞ்சுக்காரரிடம் பறித்த பழைய கர்டிஸ் ஹாக்காக இருக்கும் என்று பதில் வந்தது. அது ஃபோக்கவுல்ஃப் 190. வட்டமடித்துத் திரும்புவதில் மட்டும்தான் ஸ்பிட்ஃபயர் 5 அதைவிட மேல். வேகம், பாய்ச்சல், புரளல் எல்லாவற்றிலும் ஃபோக்கவுல்ஃப் கை ஓங்கியிருந்தது. திரும்பித் திரும்பி எவ்வளவு நேரம் திரும்ப முடியும்?

பிரிட்டிஷ்காரர்கள் வெறுத்துப்போய் ஒரு திட்டம் போட்டார்கள். கமாண்டோக்கள் படகில் பிரான்ஸுக்குப் போவது, ஜெர்மன் விமானதளத்தில் பதுங்குவது, ஒரு 190ஐத் திருடுவது, கூடப்போகும் சோதனை விமானி ஜெஃப்ரி குவில் அதை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது. ‘ஆபரேஷன் ஏர்தீஃப்’ என்று பெயர். திருட்டு என்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட அபூர்வமான ராணுவ நடவடிக்கை.

காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்த 1942 ஜூன் 23 மாலை. அர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி இங்கிலாந்தின் தென்மேற்கே சண்டை போட்டு ஒரு ஸ்பிட்ஃபயரை வீழ்த்தினார். அந்த மும்முரத்தில் திசை தப்பியது. கீழே தண்ணீர் தெரிந்தது. ஆங்கிலக் கால்வாய்தான், தாண்டினால் பிரான்ஸ் என்று முடிவு கட்டினார். அது பிரிஸ்டல் கால்வாய், தாண்டினால் வேல்ஸ். எதிரே ஒரு விமானதளம் வந்ததும் குஷியாக ஜெயித்தவன் குட்டிக்கரணம் போட்டுக் காட்டி, சக்கரத்தை இறக்கி, அழகாக வந்து நின்றார். அது பெம்ப்ரே, பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். பணியில் இருந்த சார்ஜென்ட்டின் கையில் ஒழுங்கான துப்பாக்கிகூட இல்லை. கைக்குக் கிடைத்தது வெளிச்சக் குண்டு சுடும் சிக்னல் துப்பாக்கிதான். அதை நீட்டிக்கொண்டே ஓடிப்போய் இறக்கைமேல் ஏறிவிட்டார். கீறல் படாத ஃபோக்கவுல்ஃப் 190 வீடு தேடி வந்தது. கமாண்டோக்கள் படகைக் கட்டிப்போட்டார்கள்.

அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த மெர்லின் 61 எஞ்சினைப் பழைய ஸ்பிட்ஃபயர் 5இன் உடம்பில் திணித்து ஒன்பதாம் மாடல் என்று ஜூலையில் களமிறக்கினார்கள். தற்காலிக ஏற்பாடு, ஒழுங்கான எட்டாம் மாடல் பின்னால் வரும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் ஐந்தாயிரத்துக்கு மேல் உற்பத்தியானது. அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது.

கிழக்கே நிலைமை இன்னும் மோசம். ஜப்பானின் ஜீரோவோடு வட்டமடித்துச் சண்டை போடாதே என்பது இன்று வார் தண்டரில் பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பின் மேல் இருந்த ஹரிகேன் விமானிகளுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் வழியில்லை. ஜப்பானியக் கப்பல்களிலிருந்து சுமார் 125 விமானங்கள், அவற்றில் 36 ஜீரோக்கள். ரத்மலானையில் ஹரிகேன்கள் தரையைவிட்டு எழும்பும்போதே எதிரி தலைக்கு மேல். இன்னொரு ஸ்குவாட்ரன் கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பியது. ஐரோப்பாவில் 109ஐவிட நன்றாகத் திரும்பிய ஹரிகேனுக்கு இங்கே தன்னைவிட நன்றாகத் திரும்புகிற எதிரி. நான்கு நாளில் திருகோணமலையிலும் அதே கதை. மேட்ச்மேக்கரை வையும் ஆசாமிகள் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

ஜீரோவுக்கும் பேட்ச் தலைகீழாகத்தான் வந்தது, இந்த முறை நிஜமாகவே தலைகீழாக. 1942 ஜூன் 4, அலாஸ்கா பக்கத்து அகுதான் தீவு. எண்ணெய்க் குழாயில் குண்டு பட்ட ஒரு ஜீரோவின் விமானி கோகா, பச்சைப் புல்வெளி என்று நினைத்துச் சக்கரத்தை இறக்கினார். சதுப்பு நிலம். விமானம் கவிழ்ந்தது, கோகா உயிர் பிழைக்கவில்லை. கூட வந்தவர்களுக்கு விமானத்தை அழித்துவிட உத்தரவு உண்டு. உள்ளே நண்பன் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று சுட மனம் வராமல் போய்விட்டார்கள். ஜூலை 10இல் அமெரிக்கர்கள் அதைக் கண்டெடுத்து, சான் டியாகோவுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, செப்டம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். அதிவேகத்தில் புரள முடியாமல் கட்டையாகிவிடுகிறது, மூக்கைக் கீழே குத்தினால் எஞ்சின் விக்குகிறது. ஆமாம், அதே விக்கல்! ஷில்லிங் அம்மையாரை ஜப்பானுக்கு யாரும் அனுப்பவில்லை.

இந்த ஜீரோவைப் பார்த்துத்தான் அமெரிக்க ஹெல்கேட் விமானத்தை வடிவமைத்தார்கள் என்று சரித்திரப் புலிகள் சத்தியம் செய்வார்கள். ஹெல்கேட் முதன்முதலில் பறந்தது 1942 ஜூன் 26. கோகாவின் விமானம் அப்போது ஊர் பேர் தெரியாமல் சேற்றில் கிடந்தது. உண்மையில் முதல் மாற்று மருந்து கண்டுபிடித்தவர் ஜான் தாச் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி. 1941இல் சாப்பாட்டு மேஜையில் தீக்குச்சிகளைப் பரப்பி, இரண்டிரண்டு விமானங்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் பறந்தால் ஒருவன் வாலை இன்னொருவன் காக்கலாம் என்று கண்டுபிடித்தார். மட்டமான விமானத்தை வைத்துக்கொண்டு ஜெயித்ததற்கு ஆன மொத்தச் செலவு ஒரு தீப்பெட்டி.

இப்படிப்பட்ட சரித்திரத்தை நம்பி விளையாட்டு செய்தவர்கள் பட்ட பாடு தனி. 2001இல் வந்த ‘ஐஎல் 2 ஸ்டுர்மோவிக்’ கேமை உருவாக்கிய ஒலெக் மேடக்ஸ் மேல் ஜெர்மன் விமானப் பிரியர்கள் தொடுத்த வழக்கு பல வருஷம் ஓடியது. வழக்கு என்ன? ஃபோக்கவுல்ஃப் 190இன் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சட்டம் தடிமனாகத் தெரிந்து, குறி பார்ப்பதை மறைக்கிறது. நிஜ விமானத்தில் குண்டு துளைக்காத தடிமன் கண்ணாடி. ஒளி அதில் வளைந்து வருவதால் சட்டம் மெலிதாகத் தெரியும். கேமில் ஒளி வளையாது. இதற்காக ஜெர்மன் வரைபடம், புகைப்படம், பத்தாம் வகுப்பு ஒளியியல் எல்லாம் கொண்டுவந்து வாதாடினார்கள். ஒரு கம்பிக்காக இவ்வளவு சண்டை நம் ஊர் பாகப்பிரிவினையில்கூட நடந்திருக்காது.

வார் தண்டர்காரர்கள் சாமர்த்தியமாகச் சரித்திரத்தை ஒதுக்கிவிட்டுப் புள்ளிவிவரத்தைப் பிடித்தார்கள். எந்த விமானம் களத்தில் அதிகம் சாதிக்கிறதோ அதன் எண் ஏறும், சொதப்பினால் இறங்கும். நியாயம்தானே? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்கத் தண்டர்போல்ட் ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் ராஜா. அதை வாங்குகிற புதுப் பையன், சினிமாவில் பார்த்தபடி தரையோடு தரையாகப் போய் டாங்கியைச் சுட்டு, இரண்டாம் நிமிஷம் செத்துப்போவான். கம்ப்யூட்டர் பார்த்து, ஐயோ பாவம் இந்த விமானம் என்று எண்ணை இறக்கும். அப்புறம் உயரே ஏறத் தெரிந்த நாலு பேர் அதை எடுத்துக்கொண்டு வந்து கீழே இருப்பவர்களைத் துவம்சம் செய்வார்கள். ஓட்டத் தெரியாதவன் செய்த புண்ணியம். புள்ளிவிவரத்தையும் ஏற்காதவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் ஒருவர் தன் வாதத்தை நிரூபிக்க எஃப் 16இன் வெளியே விடக்கூடாத ஆவணத்தையே பதிவேற்றிவிட்டார். விளையாட்டில் ஒரு பாயின்ட் ஜெயிக்கச் சிறைக்குப் போகவும் தயாராக இருக்கிறவனிடம் எந்த டெவலப்பர் என்ன பேச முடியும்?

ஆனால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதில் சரித்திரத்தை எந்த கேம் கம்பெனியும் மிஞ்ச முடியாது. 1946இல் சோவியத் ரஷ்யாவிடம் நல்ல ஜெட் எஞ்சின் இல்லை. பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சினை விலைக்குக் கேட்கலாமா என்று யோசனை வந்தபோது, எந்த முட்டாள் தன் ரகசியத்தை விற்பான் என்று ஸ்டாலினே சிரித்தாராம். பிரிட்டன் விற்றது. அதைப் பிரதியெடுத்துப் பொருத்திய மிக் 15, 1950 நவம்பரில் கொரியப் போர் வானத்தில் வந்து நின்றபோது எதிரே இருந்தவை எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. பிரிட்டனில் செய்த மீட்டியர் ஜெட்களை ஓட்டிய ஆஸ்திரேலியர்களை பிரிட்டிஷ் எஞ்சினின் வாரிசு விரட்டி விரட்டி அடித்தது. அமெரிக்கா அவசர அவசரமாக சேபர் விமானங்களைக் கப்பலேற்றியது.

அதோடு நிற்காமல் 1953 ஏப்ரலில் துண்டுப் பிரசுரம் போட்டது: முதலில் மிக்கோடு வந்து சேரும் விமானிக்கு ஒரு லட்சம் டாலர். ஒருவரும் வரவில்லை. ஜூலையில் சண்டையே நின்றுவிட்டது. செப்டம்பர் 21 காலை, 21 வயது வடகொரிய விமானி நோ கும் சோக், தன் மிக் 15ஐக் கிளப்பிக்கொண்டு சியோல் அருகே கிம்போ தளத்துக்கு வந்தார். ரேடார் அந்த நேரம் பார்த்துப் பராமரிப்பில் இருந்தது. ஓடுதளத்தில் தப்பான பக்கத்திலிருந்து இறங்கினார். எதிர்முனையில் இறங்கிய சேபர் மயிரிழையில் ஒதுங்கியது. வண்டியை நிறுத்த இடம் தேடி சேபர்கள் வரிசையில் நடுவே செருகி நிறுத்திவிட்டு, இறங்கி கிம் இல் சுங்கின் படத்தைக் கிழித்தார். பரிசைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். இருந்தாலும் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

விமானத்தை ஒகினாவாவுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து மேய்ந்து, பறந்து பார்த்து, எல்லாக் குறையும் குறித்துக்கொண்ட பிறகு, அமெரிக்கா ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இதன் நியாயமான உரிமையாளர் யாரோ, வந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரஷ்யா வாயைத் திறக்கவில்லை, சீனா திறக்கவில்லை, வடகொரியாவும் திறக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் அது ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகர விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.